பதின்மூன்று கிராம்

நாரினுக்கு மேலே, மே மாதத்திலும்
வாளித் தண்ணீர் விடியற்காலையில் தோல் கட்டிக்கொள்ளும்.
லாரியில் பாதி எனக்கு, பாதி நூர்காசிக்கு.
முன்சக்கரம் யாருடையது, பின்சக்கரம் யாருடையது
என்றெல்லாம் நாங்கள் பேசியதில்லை.
பேச்சு பெட்ரோலில்தான் வந்தது.

"நூறு கிலோமீட்டருக்கு நாற்பது லிட்டர்.
வண்டி குடிக்கிறதா, நீ விற்கிறாயா?"
ஆட்டுச்சந்தையில், நாலு பேர் நடுவில் கேட்டான்.
கேட்டுவிட்டு என் பூட்ஸைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவாய் ஏறும்போது பின்னால் கரும்புகை.
குதிரைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
ப்ளக்கைக் கழற்றினால் விரலெல்லாம் அடுப்புக்கரி.
இந்த உயரத்தில் காற்று கஞ்சன்,
பெட்ரோலோ ஊதாரி.
இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து
பஞ்சாயத்துச் செய்யவேண்டியது கார்புரேட்டர்.

மூடியில் ஏழு திருகு இருக்கவேண்டும். ஆறுதான் இருந்தது.
ஏழாவதின் துளையில் யாரோ தீக்குச்சி செருகியிருந்தார்கள்,
சோவியத் காலத்துக் குச்சியோ என்னவோ, ஊறிக் கறுத்திருந்தது.
கிண்ணத்தின் அடியில் செம்பழுப்புப் பிசின்,
அதில் ஓர் ஈ, சிறகு கலையாமல்.
ஜெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெயிலில் பிடித்தேன்.
கடுகளவு வானம் தெரிந்தது.
ஒன்றில் மட்டும் தெரியவில்லை.
கம்பி விடக்கூடாது; துளை பெருத்தால் பாக்கெட் இளைக்கும்.
கழுதைப் பொறுமையோடு நிற்கும் பக்கத்துவீட்டுக் குதிரையின்
வாலிலிருந்து ஒரு மயிர் பிடுங்கினேன்.
அது உதைக்கவில்லை. வானம் வந்தது.

அப்புறம் மிதவை.
பித்தளை, முட்டையைவிடச் சின்னது.
காதருகில் ஆட்டினேன்.
களுக்.

மிதக்கவேண்டியது குடித்திருக்கிறது.
கனத்துப்போய், ஊசியை மூட எழும்பாமல்,
"வரட்டும், வரட்டும்" என்று கிடந்திருக்கிறது.
தேநீருக்குக் கொதித்த நீரில் அமுக்கினேன்.
மடிப்பிலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழிகள்.
சந்தை நடுவில் இதைத் தூக்கிப் பிடித்து
"இதோ உன் திருடன்" என்று கத்தவேண்டும் போலிருந்தது.
கத்தவில்லை. காரணம் இருந்தது.

மருந்துக்கடை பூபுஷின் தராசில் வைத்தேன்.
"என்னடி இது, தாயத்தா?"
பதினேழரை கிராம். இருக்கவேண்டியது பதின்மூன்று.
சூடு காட்டி, கடைசிச் சொட்டுவரை கக்கவைத்து,
ஓட்டையில் ஈயம் வைத்தால் பதினாலு புள்ளி இரண்டு.
அரம் எடுத்தேன். மறுபடி தராசு.
ஓட்டையை அடைத்ததும் ஒரு பாரம்தான்;
அதையும் தேய்த்துத் தேய்த்தே கழிக்கவேண்டும்.
பதின்மூன்று புள்ளி ஒன்று.
"இனி தூசிதான் மிச்சம், கடையை மூடவிடு" என்றாள்.

மறுநாள் பின்மதியம்
எஞ்சின் சத்தம் கேட்டு நூர்காசி வந்தான்.
கிண்ணத்தின் சின்னக் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினேன்.
பெட்ரோல் கோட்டுக்குச் சரியாக நின்றது,
அசைந்தது, மறுபடி நின்றது.
இரண்டு அறை, இரண்டு கலவைத் திருகு;
ஒவ்வொன்றுக்கும் நாலு சிலிண்டர்.
சொல்லாமலே ஆளுக்கொரு திருப்புளி.

நான் உள்ளே திருப்பினேன், வண்டி இருமும்வரை.
அரைச்சுற்று வெளியே.
அவன் திருப்பினான். இருமியது. வெளியே.
மறுபடி என் பக்கம்.
தலை இரண்டும் பானெட்டுக்குள்,
யார் முகமும் யாருக்கும் தெரியாது.
ஒரு கட்டத்தில் எட்டும் ஒன்றாகி
ரேடியேட்டர் மேல் வைத்திருந்த பியாலாவில்
தேநீர் நடுங்குவதை நிறுத்தியது.

"மிதவையா?" என்றான்.
"மிதவை."
மன்னிப்பு இல்லை. பீடாத்திருகு ஒன்றை
எங்கிருந்தோ எடுத்து ஏழாவது துளையில் முடுக்கினான்.
அளவு சரியில்லை, ஆனாலும் பிடித்தது.

இரவு கணக்கு நோட்டைத் திறந்தேன்.
கசிந்தது, புகையாய்ப் போனது, எல்லாம் கூட்டியும்
இருபது லிட்டர் உதைத்தது.
பிப்ரவரியில் ஒரு மோட்டார்சைக்கிள்காரன்,
ரொக்கமாகக் கொடுத்தான்.
வாசலில் பூட்ஸ், சிவப்புத் தோல்,
பனியில் நனைந்தும் நிறம் விடாதது.

பென்சிலை எச்சில் தொட்டு
அந்த இருபதையும்
மிதவையின் பேரில் எழுதினேன்.